பெயர் ஒட்டிய சாப்பாடு

கோர், நியூசிலாந்து
உறைபனி விழுந்த ஒரு வியாழக்கிழமை, ஜூன் மாதம்

பெருமதிப்புக்கும் பயபக்திக்கும் உரிய மூத்த சகோதரி அகனேசி அவர்களுக்கு,

இளைய சகோதரன் மனாசே எழுதிக்கொள்வது. உங்களை வவாவுத் தீவின் வெயிலிலும் என்னை இந்தத் தெற்குக் கோடிக் குளிரிலும் உயிரோடு வைத்திருக்கும் ஆண்டவருக்கு முதல் நன்றி. நம் குடும்பத்தின் எந்த விருந்திலும் முதல் பங்குக்கு உரியவரான உங்களுக்கு அடுத்த வணக்கம். முழங்கால் வலி எப்படி இருக்கிறது? போதகருக்கும், அவர் மனைவிக்கும், பாடகர் குழுவில் என் இடத்தில் நின்று இப்போது கத்திக்கொண்டிருப்பவருக்கும் என் அன்பைச் சொல்லவும். இங்கே நானும் மகன் கிலிஃபியும் மருமகள் ஹெதரும் நலம். நலம் என்று எழுதியது மரியாதைக்காக. இனி நடந்ததை எழுதுகிறேன்.

என் மனைவி செய்னி போன பிறகு நான் அடுப்பு மூட்டாமல், கூப்பிட்ட வீட்டுக்கும் போகாமல், சுவரைப் பார்த்துப் படுத்துக் கிடந்தபோது, நீங்கள் வாசலில் நின்றபடி, "இங்கயே கெடந்தா நீயும் அவ பின்னாடியே போயிடுவடா. மகன்கிட்டப் போ. போயி வேளாவேளைக்குச் சாப்பிடு" என்று உத்தரவு போட்டீர்கள். அக்காவின் சொல்லை மீறி உருப்பட்டவன் டோங்காவில் எவனும் இல்லை. ஆகவே வந்தேன். ஆகவே சாப்பிடவும் செய்கிறேன். எப்படிச் சாப்பிடுகிறேன் என்று விவரமாகச் சொன்னால்தான் கடைசியில் நான் வைக்கப்போகும் விண்ணப்பம் நியாயமானது என்று உங்களுக்குத் தெரியும். பொறுமையாகப் படிக்கவும், முடிந்தால் உட்கார்ந்து படிக்கவும்.

இந்த வீட்டில் மூன்று பேர், மூவருக்கும் மூன்று நேரம். கிலிஃபி இருட்டிலேயே எழுந்து ஆட்டிறைச்சித் தொழிற்சாலைக்குப் போகிறான். காலைச் சாப்பாட்டை நின்றுகொண்டும் மத்தியானச் சாப்பாட்டைக் காருக்குள்ளும் முடித்துவிடுகிறான். ஹெதர் பல் மருத்துவரிடம் வேலை செய்கிறாள். அவள் ஒரு கேரட்டையும் அவித்த முட்டையையும் கணினிக்கு முன்னால் வைத்துக்கொண்டு தின்பதை நான் கண்ணால் பார்த்தேன். எனக்கு வேண்டியதைச் சின்னச் சின்ன டப்பாக்களில் போட்டு, மேலே ஒரு சீட்டு ஒட்டி, குளிர்ப்பெட்டியில் அடுக்கி வைத்துவிட்டுப் போவாள். சீட்டில் ‘மனாசே, திங்கள்’, ‘மனாசே, செவ்வாய்’ என்று எழுதியிருக்கும். நெயாஃபு துறைமுகத்தில் வாழ்நாள் முழுக்கச் சரக்குப் பெட்டிகளின் சீட்டைப் படித்துப் படித்து இறக்கியவன் நான். கடைசியில் என்னையும் சரக்காக்கிச் சீட்டு ஒட்டுவார்கள் என்று நினைக்கவில்லை. உள்ளே இருப்பது மோசம் என்று சொல்லமாட்டேன். ரொட்டியின் மேல் கொத்துக்கறி. சீஸையும் வெங்காயத்தையும் உள்ளே தடவிச் சுருட்டிச் சுட்ட ரொட்டி ஒன்று உண்டு, இந்தப் பக்கத்து மக்களுக்கு அதில் பெருமை அதிகம். மறைக்காமல் சொன்னால் நன்றாகவே இருக்கிறது, நான்தான் இதுவரை ஒப்புக்கொள்ளவில்லை. குறை ருசியில் இல்லை, அக்கா. என் பெயர் எழுதிய சாப்பாட்டை நான் யாருக்குக் கொடுப்பது? நம் வீட்டில் செய்னி வைத்த பானையில் யார் பெயர் எழுதியிருந்தது? கரண்டி உள்ளே போகும், வெளியே வரும், எதிரே எவன் உட்கார்ந்திருக்கிறானோ அவன் தட்டில் விழும். இங்கே நான் டப்பாவைத் திறக்கும்போது சமையலறையில் குளிர்ப்பெட்டியின் உறுமலைத் தவிர வேறு சத்தமில்லை.

சரி, எனக்குத் தெரிந்ததை நானே சமைத்துக்கொள்வோம் என்று ஆட்டு ஸிப்பி வாங்கப் போனேன். நீங்களே சொல்லுங்கள், விலாவுக்குக் கீழே கொழுப்பும் சவ்வுமாக வருகிற அந்தக் கறி நமக்கு எங்கிருந்து வருகிறது? நியூசிலாந்திலிருந்துதான். பெட்டி பெட்டியாக நானே இறக்கியிருக்கிறேன். அது பிறந்த நாட்டுக்கே வந்துவிட்டோம், தெருவுக்குத் தெரு கிடைக்கும் என்றல்லவா நினைப்பேன்? கறிக்கடைக்காரர் என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "நாய்க்கா பெரியவரே?" என்றார். ஆமாம் என்றேன். போதகரிடம் இதைச் சொல்ல வேண்டாம். அடுத்த முறை போனபோது அவர், நல்ல மனிதர், எலும்பு இரண்டு இலவசமாகப் போட்டு, "நாய் எப்படி இருக்கு?" என்று விசாரித்தார். "உடம்பு பரவாயில்ல. கொஞ்சம் ஏக்கமா இருக்கு" என்றேன். "புது இடம்னா அப்படித்தான். நாளாக நாளாகப் பழகிடும்" என்றார். மறுநாள் விடிவதற்கு முன்பே எழுந்து அதை நான் வேகவைத்துக்கொண்டிருக்கும்போது கிலிஃபி வந்து மூடியைத் திறந்து பார்த்தான்.

"அப்பா, இதை இங்க யாரும் சாப்பிடமாட்டாங்க. நாள்பூரா இதைத்தான் வெட்டிப் பெட்டியில அடைக்கிறேன். எல்லாம் உங்க ஊருக்குப் போகுது."

"எந்த ஊருக்குடா?"

"உங்க ஊருக்குத்தான்."

"அப்ப அது உனக்கு எந்த ஊரு?"

அவன் கைக்கடிகாரத்தைப் பார்த்தான். வேலைக்கு நேரமாகிவிட்டதாம். மூடியைத் திரும்பச் சரியாகக்கூட வைக்கவில்லை.

பிறகு வாசல்படி விவகாரம். தனியாக விழுங்கினால் தொண்டையிலேயே நிற்கிறது என்று, ஒருநாள் கம்பளியைப் போர்த்திக்கொண்டு டப்பாவோடு வாசல்படியில் போய் உட்கார்ந்தேன். நம் ஊரில் சாப்பிடும்போது எவர் தெருவில் போனாலும் கூப்பிடுகிறோம். அவரும், "ஆச்சு ஆச்சு, இப்பத்தான்" என்று சொல்லிவிட்டுப் போகிறார். அவர் சாப்பிட்டிருக்க மாட்டார் என்று நமக்குத் தெரியும்; நம் பானையில் அவ்வளவு இல்லை என்று அவருக்கும் தெரியும்; இருவர் மனமும் நிறைந்துவிடும். அந்த ஒரு வார்த்தைக்காகத்தான் நான் வெளியே உட்கார்ந்தேன். இந்த ஊரிலோ தெருவில் நடக்கிறவர்களே கிடையாது, எல்லாரும் காரில் போகிறார்கள். காரைக் கூப்பிட முடியுமா? நெடுநேரம் கழித்து ஒரு அம்மாள் தன் நாயோடு வந்தார். நாய் மேல்சட்டை போட்டிருந்தது. "வாங்க, சாப்பிடலாம்!" என்றேன். அவர் சாலையைக் கடந்து எதிர்ப்பக்கம் போய்விட்டார். காது மந்தம் போலிருக்கிறது என்று மறுநாள் எழுந்து நின்று உரக்கக் கூப்பிட்டேன். நாய் வரத் தயாராக இருந்தது, அவர்தான் இழுத்துக்கொண்டு ஓடினார். அன்று சாயங்காலம் மருமகள் என் முன்னால் வந்து உட்கார்ந்தாள்.

"மனாசே," என்றாள். (ஆமாம் அக்கா, மாமனாரைப் பெயர் சொல்லித்தான் கூப்பிடுகிறாள். இங்கே அது மரியாதைக் குறைவில்லையாம். நானும் திரும்பிப் பார்த்துவிடுகிறேன்.) "தெருவுல போற பொம்பளைங்களை உள்ள கூப்பிடாதீங்க. அந்த அம்மா இன்னிக்குப் பல் காட்ட வந்தாங்க. உங்களைப் பத்திச் சொல்லத் திறந்த வாயை மூடவே இல்ல."

"நான் வரணும்னு கூப்பிடலம்மா."

"வர வேண்டாம்னா எதுக்குக் கூப்பிடறீங்க?"

"வரமாட்டாங்கன்னுதான்."

அவள் புரிந்துகொள்ள நிஜமாகவே முயற்சி செய்தாள் என்பது நெற்றியில் தெரிந்தது. நல்ல பெண். அதனால்தான் எனக்கு இன்னும் கஷ்டமாக இருந்தது.

கூப்பிடமாட்டேன் என்று வாக்குக் கொடுத்துவிட்டேன். ஆனால் வாய் பழகிய வாய் அல்லவா? எதிர்வீட்டு கோர்டன் குப்பைத்தொட்டியை உள்ளே இழுத்துக்கொண்டிருந்தார். காலமெல்லாம் ஆட்டு ரோமம் கத்தரித்து முதுகு கேள்விக்குறியாகிப்போன மனிதர், மனைவி இறந்து வெகுகாலமாகிறது. என்னை அறியாமல், "வாங்க, சாப்பிடலாம்" என்று சொல்லிவிட்டேன். அவர் தொட்டியை அங்கேயே விட்டுவிட்டு, "சரி" என்று சொல்லி வீட்டுக்குள் போனார். ஆகா, ஒருவழியாக மரியாதை தெரிந்த ஆள் என்று நான் கரண்டியை எடுத்தால், கையில் ஒரு முள்கரண்டியும் தோளில் ஒரு நாற்காலியுமாகத் தெருவைக் கடந்து வருகிறார்! ஒரு பேச்சுக்குக்கூட மறுக்கவில்லை, அக்கா. டப்பாவை நடுவில் வைத்துக் கோடு போட்டதுபோல் பாதியைத் தின்றார். மறுநாள் நான் கூப்பிடுவதற்கு முன்பே நாற்காலி வந்துவிட்டது. "என்ன மேன்னி, இன்னிக்கு உன் பேர்ல என்ன எழுதியிருக்கு?" என்பார். என் பெயரைக்கூட அவர் பாதி தின்றுவிட்டார். இப்படி ஒரு மனிதரை நான் பார்த்ததே இல்லை. ஒருநாள் பொறுக்கமாட்டாமல், உங்கள் வீட்டில் சமைப்பதில்லையா என்று கேட்டேன். "டப்பா உணவு இருக்கு, சுடவைக்கிற பெட்டி இருக்கு. டிவியில செய்தி வாசிக்கிற பொண்ணுகூடத்தான் தினம் சாப்பிடறேன். இத்தனை வருஷத்துல அவ ஒரு வாய்கூட வாங்கினதில்ல" என்றார். டப்பாவில் மிச்சமிருந்ததையும் அவர் பக்கம் தள்ளினேன். டப்பாக்கள் காலியாவதைப் பார்த்து ஹெதர், "உங்கப்பா தேறிட்டார்" என்று கிலிஃபியிடம் சந்தோஷமாகச் சொன்னாள். நான் மெலிந்துகொண்டிருந்தேன், தேறியது கோர்டன்.

இப்போது ஞாயிற்றுக்கிழமைக்கு வருகிறேன். இதை எழுதத்தான் பேனாவை எடுத்தேன், இதுவரை சுற்றிக்கொண்டிருந்தேன். கிலிஃபிக்கு ஞாயிறும் வேலை. தொழிற்சாலை இயந்திரங்களைக் கழுவிவிடுகிற வேலை. வீடு வாங்க வேண்டுமாம். ஓய்வுநாளில் வேலை செய்வதைப் பற்றி நீங்கள் நினைப்பதை நானும் நினைத்தேன், சொல்லவில்லை. மத்தியானத்துக்குள் வந்துவிடுவேன் என்றான். நம் ஞாயிற்றுக்கிழமை வழக்கப்படி இலையில் கறியைப் பொதிந்து லூ செய்தேன். சேம்பு இலை இல்லை. கோர்டன் தோட்டத்திலிருந்து தண்டு தடித்த ஒரு கீரை கொடுத்தார், அதுதான் இலை. வாழை இலைக்கு அலுமினியத் தாள். மண்ணடுப்புக்கு மின்னடுப்பு. டப்பா மாட்டிறைச்சியும் டப்பாத் தேங்காய்ப்பாலும் வெங்காயமும் மட்டும் மாறாமல் அப்படியே இருந்தன. நம் சபை இங்கே இல்லாததால் அடுப்புக்கு முன்னால் நின்று நானே நான்கு பாட்டும் பாடினேன். தேங்காய்ப்பால் வழிந்து தீய்ந்து, கூரையில் இருக்கும் புகை மணி அலற ஆரம்பித்தது. பாட்டுப் புத்தகத்தாலேயே விசிறி அதை அடக்கினேன். ஆனால் கொஞ்ச நேரம் அதுவும் என்னோடு சேர்ந்து பாடியதை, உண்மையைச் சொன்னால், பாடகர் குழுவிலிருக்கும் அந்த ஆளைவிட நன்றாகவே பாடியதை, நான் மறுக்கமுடியாது. பொட்டலங்களை மேசையில் வைத்தேன். முதல் பொட்டலம் வழக்கப்படி உங்களுக்கு என்று ஒதுக்கினேன். ஹெதர் தன் தாய்வீட்டுக்குப் போயிருந்தாள், அவளுக்கும் ஒன்று இருந்தது. மத்தியானம் போய்விட்டது. வெயில் சன்னலை விட்டு இறங்கிய பிறகு கிலிஃபி வந்தான். நான் நாற்காலியை இழுத்துப் போட்டேன்.

"சாப்பிட்டேன்பா," என்றான். "வர்ற வழியில பெட்ரோல் பங்க்ல ஒரு கறி பஃப்ஸ்."

நம் ஊரில் பசித்தவனும் சாப்பிட்டேன் என்பான். அது பொய், அதைக் கேட்டால் நெஞ்சு நிறையும். என் மகன் உண்மையைச் சொன்னான்.

காலணியைக்கூடக் கழற்றாமல் சோபாவிலேயே தூங்கிப்போனான். கழற்றிவிடலாம் என்று போனேன். அவன் வலது கை மார்பின் மேல் கிடந்தது. விரல்கள் மடங்கியே இருந்தன, அக்கா. தூக்கத்திலும் தொழிற்சாலைக் கத்தியைப் பிடித்திருப்பதுபோல். நான் அதை விரித்துப் பார்த்தேன். விட்டதும் திரும்ப மடங்கிக்கொண்டது.

கோர்டன் நாற்காலியோடு வாசலில் நின்றார். உள்ளே கூப்பிட்டு மகனின் பொட்டலத்தைக் கொடுத்தேன். கண்ணை மூடிக்கொண்டு தின்றார். "மேன்னி, இது என்ன கீரைன்னே தெரியல எனக்கு. இதை நானா வளத்தேன்?" என்றார். பிறகு ஒதுக்கிவைத்ததைப் பார்த்து, "அது யாருக்கு?" என்றார். ஊரில் இருக்கும் என் அக்காவுக்கு என்றேன். "அவங்க எப்ப வருவாங்க?" என்றார். வரமாட்டார்கள் என்றேன். "அப்ப திறக்கலாமா?" என்றார். கூடாது என்று கொஞ்சம் அதட்டலாகவே சொல்லிவிட்டு, அவர் கைக்கு எட்டாமல் குளிர்ப்பெட்டிக்குள் வைத்தேன். தவறுதலாக யாரும் எடுத்துவிடக் கூடாதே என்று ஹெதரின் சீட்டு ஒன்றை எடுத்து ‘அகனேசி, ஞாயிறு’ என்று எழுதி ஒட்டினேன். ஒட்டிய பிறகுதான் அந்தப் பெண் ஏன் ஒட்டுகிறாள் என்று கொஞ்சம் விளங்கியது.

நேற்று நடந்ததுதான் எல்லாவற்றுக்கும் முத்தாய்ப்பு. தின்றதற்கெல்லாம் கைம்மாறாக கோர்டன் ஒரு வாளியைக் கொண்டுவந்தார். தெற்கே தீவுகளில் பிடித்து உப்பில் ஊறவைத்த கடற்பறவைக் குஞ்சுகள். மூன்று முறை தண்ணீரை மாற்றிக் கொதிக்கவைக்க வேண்டும் என்றார். முதல் தண்ணீர் கொதித்ததுமே எழுந்த வாசனையை எப்படி எழுதுவது? கப்பலின் அடித்தளத்தில் மறந்துவிட்ட மீன் மூட்டையும் விளக்கெண்ணெயும் கல்யாணம் செய்துகொண்டதுபோல் இருந்தது. இரண்டாவது தண்ணீருக்கு ஹெதர் வந்துவிட்டாள். சாக்கடைக் குழாய் உடைந்துவிட்டது என்று நினைத்து, உள்ளேயே வராமல் புல்தரையில் நின்றபடி குழாய்காரருக்குப் போன் செய்தாள். ராவிரி என்று ஒரு மாவோரிக்காரர் கருவிப்பெட்டியோடு வந்தார். வாசலில் நின்று மூக்கை விடைத்து இழுத்தார். நேரே அடுப்புக்கு வந்து மூடியைத் திறந்தார். "குழாயில ஒண்ணும் இல்லம்மா," என்று வெளியே பார்த்துக் கத்தினார். "இன்னொரு தண்ணி மாத்தணும், அவ்வளவுதான்." நான் பழக்கதோஷத்தில், சாப்பிடுங்கள் என்பதற்கு நம் பாஷையிலேயே ‘கை’ என்று சொல்லித் தட்டைக் காட்டினேன். அவர் பெட்டியைக் கீழே வைத்துவிட்டார். அவர்கள் பாஷையிலும் சாப்பாட்டுக்குக் ‘கை’ என்றுதானாம்! மூன்றாவது தண்ணீரும் கொதித்ததும் நானும் கோர்டனும் ராவிரியும் தரையில் உட்கார்ந்து விரலாலேயே தின்றோம். உப்பு, கொழுப்பு, கடல். செய்னி போன பிறகு முதல்தடவையாக ஒன்றைத் தின்றுவிட்டு இன்னும் வேண்டும் என்று எனக்குத் தோன்றியது. அப்போதுதான் ஹெதர் மூக்கைச் சால்வையால் பொத்திக்கொண்டு உள்ளே வந்தாள்.

"புதுத் திரைச்சீலை, மனாசே. இந்த வாரம்தான் மாட்டினேன்," என்றாள். பிறகு குளிர்ப்பெட்டியைத் திறந்து ‘மனாசே, புதன்’ டப்பாவை எடுத்து மேசைமேல் வைத்தாள். "தினமும் வேலைக்குப் போறதுக்கு முன்னாடி செய்யறேன். இவருக்கு மெல்ல முடியுமா, காரம் ஆகுமான்னு யோசிச்சு யோசிச்சு. நல்லா இருக்கு, நல்லா இல்லன்னு ஒரு வார்த்தை சொன்னீங்களா? தெருவுல போற அத்தனை பேரையும் சாப்பிடக் கூப்பிடறீங்க. என்னை ஒரு நாள் கூப்பிட்டீங்களா?"

அவள் கண்ணில் நீர் வந்தது. வாசனையாலா வேறெதனாலா என்று எனக்குத் தெரியவில்லை. ராவிரி கருவிப்பெட்டியை எடுத்துக்கொண்டார். கோர்டன் நாற்காலியை மறந்துவிட்டுப் போனார். அவள் எப்போதும் சாப்பிட்டு முடித்தவளாகவே இருந்தாள், நான் எப்படிக் கூப்பிடுவது? இதைச் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை.

ஆகவே என் விண்ணப்பம். இங்கே நான் யாருக்கும் உதவாமல், ஒரு நல்ல பெண்ணின் திரைச்சீலையையும் கெடுத்துக்கொண்டு இருக்கிறேன். போகச் சொன்னவர் நீங்கள். திரும்பி வரச் சொல்லவும் உங்களால்தான் முடியும். ஒரு வரி எழுதினால் போதும், அடுத்த விமானத்தில் கிளம்பிவிடுவேன். நடுத்தரப் பன்றி ஒன்றைக் கட்டிவைக்கவும். பெரிய விருந்தெல்லாம் வேண்டாம். ஞாயிறு காலை எல்லா வீட்டு மண்ணடுப்பிலிருந்தும் ஒரே நேரத்தில் புகை எழும்புமே, அதற்குள் நடந்து கோயிலுக்குப் போகவேண்டும். பிரசங்கம் நீளும்போது போதகர் உட்பட எல்லாருடைய வயிறும் கூவுவதைக் கேட்கவேண்டும். வீட்டுக்கு வந்து பொட்டலத்தைப் பிரித்தால் ஆவி முகத்தில் அடிக்கவேண்டும். "இன்னும் கொஞ்சம் போட்டுக்கடா, என்ன கொறிக்கிற" என்று யாராவது என்னைத் திட்டவேண்டும். வேறெதுவும் நான் கேட்கவில்லை.

உங்கள் முழங்காலுக்கும், கிணற்றுக்கும், கோழிகளுக்கும், சேம்பு வயலுக்கும் ஆண்டவர் காவலாக இருக்கட்டும். செய்னியின் கல்லறையில் களை பிடுங்கியவர்கள் எவரோ, அவர்கள் கை வலிக்காமல் இருக்கட்டும். உங்கள் முடிவுக்குத் தலைவணங்கிக் காத்திருக்கும்,

உங்கள் பணிவுள்ள சகோதரன்
மனாசே

பின்குறிப்பு: மேலே எழுதிய விண்ணப்பத்தை ஏற்கவேண்டாம். கோபமாக மறுத்து எழுதவும். கூடுமானவரை கடுமையாக இருக்கட்டும், நான் இங்கே எல்லாருக்கும் படித்துக் காட்டவேண்டும். தபால்தலை இல்லாமல் இந்தக் கடிதம் கிடந்ததில் ஞாயிற்றுக்கிழமை ஆகிவிட்டது. வெள்ளிக்கிழமை காலையில் ஹெதர் டப்பாவை மூடும்போது பக்கத்தில் போய் நின்று, "சீஸ் ரொட்டி நல்லா இருக்கு" என்றேன். "எது, நேத்து வச்சதா?" என்றாள். "எல்லாம். வந்த நாள்லருந்து" என்றேன். பிறகு, வாங்க, சாப்பிடலாம் என்று முறைப்படி கூப்பிட்டேன். வேலைக்கு நேரமாகிவிட்டது என்றாள். ஆனால் கோட்டைப் போட்டுக்கொண்டே உட்கார்ந்து பாதி ரொட்டி தின்றாள். அன்று இரவு அவளுக்கும் கிலிஃபிக்கும் ஏதோ வாக்குவாதம். வீடு இன்னொரு வருஷம் கழித்து வாங்கினால் இடிந்துவிடாது என்று அவள் சொன்னது மட்டும் காதில் விழுந்தது. இன்று காலை கிலிஃபி வேலைக்குப் போகவில்லை. ஹெதர் கார் கொட்டகையைக் கூட்டி, அங்கே ஒரு எரிவாயு அடுப்பை வைத்து, நாற்றமெல்லாம் இங்கேயே இருக்கட்டும் என்று சொல்லிவிட்டாள். மிச்சப் பறவைகளை கோர்டன் கொண்டுவந்தார். கிலிஃபி கவிழ்த்த வாளிமேல் உட்கார்ந்து முதல் துண்டை வாயில் போட்டு மென்றான். இரண்டாவது துண்டுக்குப் பிறகு, "அம்மா எனக்கு மீன் தலையை ஒளிச்சு வச்சுத் தருவாங்களே, உங்களுக்குத் தெரியாதுன்னு நெனச்சுட்டிருந்தோம்" என்றான். எனக்குத் தெரியாது, அக்கா. இன்றைக்குத்தான் தெரிந்தது. எனக்கும் அவள் ஒளித்துத்தான் தந்துகொண்டிருந்தாள்; ஒரு மீனுக்கு எத்தனை தலை வைத்திருந்தாளோ! அதைச் சொன்னதும் அவன் சிரித்த சிரிப்பில் கொழுப்பு முழங்கை வரை வழிந்தது. ஹெதர் மூக்கைப் பிடித்துக்கொண்டு ஒரு நார் தின்று, ஊறப்போட்ட காலுறை மாதிரி இருக்கிறது என்றாள். இன்னொரு நாரும் எடுத்துக்கொண்டாள். பன்றியை அவிழ்த்துவிடவும், அல்லது நீங்களே விருந்து வைத்துவிடவும். கொட்டகையிலிருந்து கிலிஃபி, இன்னும் இருக்கிறதா என்று கேட்கிறான். இருக்கிறது. போய்ப் போடவேண்டும்.